பழைய பிரிண்டரும் வீட்டு நெட்வொர்க்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்ல 2008ல வாங்கின லேசர் பிரிண்டர் இருக்கு, இன்னைக்கும் எழுத்து பளிச்னு விழுது, ஆனா யூஎஸ்பி ஒயர் மட்டும்தான். பொண்ணு லேப்டாப், என் போன் எல்லாத்துலேருந்தும் பிரிண்ட் எடுக்கணும்னு ரவுட்டர்ல மாட்டற பிரிண்ட் சர்வர் பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். லேப்டாப்லேருந்து ஒரு பக்கம்தான் குடுத்தேன், பேப்பர் பேப்பரா வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு வரி கிறுக்கல். முதல் பேப்பர்ல பிசிஎல் எக்ஸ்எல்னு ஏதோ படிக்க முடிஞ்சுது. பிரிண்டர் கெட்டுப்போச்சா?

பதில்: கெடவே இல்லைங்க. அந்த முதல் பேப்பரை நீங்க படிச்சு எழுதினதுதான் பெரிய உதவி, நிறைய பேர் கசக்கிப் போட்டுடுவாங்க. பிசிஎல்ங்கறது பிரிண்டருக்குப் புரியற மொழி, அதுல 5, 6னு தலைமுறை உண்டு, பிசிஎல் எக்ஸ்எல்னா 6. லேப்டாப்ல ஏத்தின டிரைவர், அதாவது பிரிண்டரோட பேசற சாஃப்ட்வேர், 6ல பேசுது, உங்க பிரிண்டருக்கு அது தெரியல, அதனால வந்ததை வெறும் எழுத்துன்னு நினைச்சு அப்படியே அடிச்சுத் தள்ளுது. சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும் சேர்ந்து வந்து பக்கத்துல பிஎஸ்னு இருந்திருந்தா அது போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற இன்னொரு பிரிண்டர் மொழி, அதுவும் இதே கதைதான். ஆக பாக்ஸ்லயும் கோளாறு இல்ல, ஒயர்லயும் இல்ல, டிரைவரை மட்டும் மாத்துங்க. உங்க மாடல் பேர்லயே டிரைவர் இருந்தா அது, இல்லைன்னா அதே கம்பெனியோட பிசிஎல் 5 டிரைவர்.

விண்டோஸ்ல பிரிண்டர் சேர்க்கும்போது தானா தேடட்டும்னு விடாதீங்க, டிசிபி ஐபி அட்ரஸ் மூலமா சேர்க்கற வழியை எடுத்து பாக்ஸோட ஐபியை, அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி எண்ணை, போடுங்க. டேட்டா அனுப்பற முறை ரா-ன்னா போர்ட் நம்பர் 9100, எல்பிஆர்னா 515, எது வேணும்னு பாக்ஸோட மேனுவல்ல இருக்கும், எல்பிஆருக்கு க்யூ பேரும், அதாவது பிரிண்ட் வரிசையோட பேரும், சேர்த்துக் கேக்கும். பிரிண்ட் நல்லா வருது ஆனா ஆஃப்லைன்னு காட்டுதுன்னா அந்த போர்ட் செட்டிங்ல எஸ்என்எம்பி டிக்கை (பிரிண்டரோட நிலைமையை விசாரிக்கற வசதி) எடுத்துடுங்க. அப்புறம் ரவுட்டர்ல அந்த ஐபியை பாக்ஸுக்கே ரிசர்வ் பண்ணி வைங்க, இதைச் செய்யாம விட்டா என்னைக்காவது கரண்ட் போய் வந்ததும் ஐபி மாறிடும், நேத்து வரைக்கும் ஓடிச்சே ஏன் வரலைன்னு உக்காந்து தேடுவீங்க.

இன்னொண்ணு, ஜிடிஐ பிரிண்டர்னு ஒரு ஜாதி இருக்கு, பக்கத்தைத் தயார் பண்ற வேலை முழுக்க கம்ப்யூட்டரே செய்யும், பிரிண்டருக்கு சொந்த மொழி கிடையாது. அதுங்க தப்பான டேட்டா வந்தா பெரும்பாலும் கிறுக்காது, லைட்டு மட்டும் மினுக்கிட்டு கம்முனு இருக்கும். அந்த வகை வச்சிருக்கிறவங்க பாக்ஸ்ல காசைப் போடறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுக்கோங்க, நிறைய பாக்ஸ்ல அது ஓடாது.

போன் விஷயம் வேற. ஐபோன்லேருந்து ஒயர் இல்லாம பிரிண்ட் எடுக்கற ஆப்பிளோட ஏர்பிரிண்ட் வந்ததே 2010ல, உங்க பிரிண்டருக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல, சாதாரண பாக்ஸும் போனுக்குப் பதில் சொல்லாது. இதுக்கு எனக்குப் பிடிச்ச வழி ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டர், இல்ல சும்மா கிடக்கற பழைய லேப்டாப்ல லினக்ஸ். அதுல பிரிண்ட் வேலையைப் பாத்துக்கற கப்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் போட்டு, பிரிண்டரை அதுல மாட்டி, ஷேரிங்கை ஆன் பண்ணி, கூடவே பிரிண்டர் இருக்குன்னு நெட்வொர்க்ல அறிவிக்கற அவாஹிங்கற சாஃப்ட்வேரும் ஓடணும், அப்பதான் போன்ல பிரிண்டர் பேர் தானா வந்து நிக்கும். பிரவுசர்ல அதோட ஐபிக்கு அப்புறம் :631 போட்டா செட்டிங் பக்கம் வரும். ஒரு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சுடும், பாக்ஸே தேவைப்படாது.

கேள்வி: எங்களோடது வைஃபை உள்ள பழைய பிரிண்டர்தான், ரவுட்டர் மாத்தினதிலேருந்து கனெக்ட் ஆகல.

பதில்: பழைய பிரிண்டர் பலதுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது, ரவுட்டர்ல 2.4 ஆன்ல இருக்கான்னு பாருங்க. பாஸ்வேர்ட் சரியா போட்டும் ஏத்துக்கலைன்னா ரவுட்டர்ல வைஃபை செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 மட்டும்னு இருக்கலாம், டபிள்யூபிஏ2வுக்கு மாத்துங்க. கனெக்ட் ஆகியும் பிரிண்ட் வரலைன்னா பிரிண்டர்லேருந்து அதோட செட்டிங் எல்லாம் அச்சாகிற கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்துப் பாருங்க. 192.168.1.னு ஆரம்பிக்கற பழைய ஐபி நிலையா பதிஞ்சிருக்கலாம், புது ரவுட்டர் 192.168.0.ல ஓடிட்டிருக்கலாம், அப்ப ரெண்டும் ஒத்துப்போகாது. பிரிண்டர்ல நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் பண்ணிட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க.