புலி ரூபாயும் எட்டணாவும்

கேள்வி: அப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்த பழைய காசுகள் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. பார்க்க வெள்ளி மாதிரி இருக்கின்றன, ஆனால் நிக்கல் என்கிறார்கள். அதில் புலி போட்ட 1947 ஒரு ரூபாய் ஒன்றும் இருக்கிறது. அது ஐந்து லட்சம் போகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். விற்றுவிடு என்கிறார் கணவர். எனக்கோ விற்க மனம் வரவில்லை. அரிய நிக்கல் காசுகளாகத் தேடிச் சேர்க்க ஆசை. மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். எங்கே தொடங்குவது? டொராண்டோவில் இருக்கும் மகனும் பாதியை அனுப்பச் சொல்லிக் கேட்கிறான்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் புலியைக் கூண்டில் அடைத்துவிடுவோம். உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து அதில்தான் தொங்குகிறது.

1947 புலி ரூபாய் அழகான காசு. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் நடந்து போகும் புலி. ஆங்கிலேய மன்னர் தலை போட்டு இந்தியாவில் அடித்த கடைசி ரூபாய் அதுதான். ஆனால் அரிதானதல்ல, கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். புழங்கித் தேய்ந்த ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் கிடைத்தால் நல்ல விலை. ஐந்து லட்சம் தருகிறேன் என்பவர் அடுத்த போனில் ‘வரி கட்டணும், பதிவுக் கட்டணம் அனுப்புங்க’ என்பார். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. ஆகவே கணவரிடம் சொல்லுங்கள்: விற்றாலும் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஓட்டல் சாப்பாடுதான் ஆகும்.

சரி, இப்போது பாட்டிலுக்கு வருவோம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து வாருங்கள். சுத்த நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டுகிறதே, இரும்பில் செய்த போலியோ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் புலி ரூபாய் ஒட்டும். 1946, 47 ஆண்டுகளின் புலி போட்ட அரை ரூபாயும் கால் ரூபாயும் ஒட்டும். 1950-ல் வந்த சிங்கத்தலை ரூபாய், 1957-ல் வந்த 25 நயா பைசா, 1964-ன் நேரு காசுகள், 1969-ன் காந்தி ரூபாய் எல்லாம் ஒட்டும். ஒட்டாமல் நழுவுவது செம்பும் நிக்கலும் கலந்தது. பூ மாதிரி விளிம்பு வளைந்த ஓரணா, சதுரமான இரண்டணா எல்லாம் அந்த வகை. ஒரு எச்சரிக்கை: 1988 முதல் வந்த எஃகுக் காசுகளும் ஒட்டும். அதனால் ஆண்டைப் பார்த்துவிட்டுக் காந்தத்தை வையுங்கள்.

இரண்டு குவியலாகப் பிரித்தாயிற்றா? என்னைக் கேட்டால் அந்த ஒட்டாத குவியலில்தான் கதையே இருக்கிறது.

1907-ல் ஓரணாவைச் செம்பு-நிக்கலில் அடிக்கத் தொடங்கினார்கள். முதல் உலகப்போர் வந்து வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஆனதும், அதுவரை வெள்ளியில் இருந்த சில்லறைகளையும் இந்த உலோகத்துக்கு மாற்றினார்கள். 1918-ல் சதுர இரண்டணா, 1919-ல் எட்டு மூலை வைத்த நாலணா, அதே ஆண்டில் வட்டமான எட்டணா. (எட்டு மூலையை நாலணாவுக்குக் கொடுத்துவிட்டு எட்டணாவை வட்டமாக அடித்தது யார் யோசனையோ!) ஓரணாவும் இரண்டணாவும் மக்களுக்குப் பழகிப்போயின. எட்டணா மட்டும் எடுபடவில்லை. அரை ரூபாய் என்றால் அன்றைக்குக் கனத்த காசு. கையில் வெள்ளி இருந்தால் அது வெள்ளி விலைக்காவது போகும்; இந்த வெளுத்த உலோகத்தை நம்பி யார் வாங்குவார்கள்? கள்ளக்காசும் புகுந்துவிட்டது. 1919, 1920 என்று இரண்டே ஆண்டுகள் அடித்ததோடு நிறுத்தி, பிறகு புழக்கத்திலிருந்தும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்படித் திரும்பப் போனதால்தான் இன்று அது சுலபத்தில் அகப்படுவதில்லை. பாட்டிலில் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு, வெள்ளி இல்லாத எட்டணா ஒன்று இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். இருந்தால் புலியை விட அதுதான் உங்கள் பொக்கிஷம்.

நூறு வயது ஆனதாலேயே ஒரு காசு அரிதாகிவிடாது என்பது இதில் புரிந்திருக்கும். 1912 ஓரணா கூடை கூடையாகக் கிடைக்கும். அடித்தது எவ்வளவு, உருக்கியது போக மிஞ்சியது எவ்வளவு, அதில் தேயாதது எவ்வளவு, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். சாதாரண 25 பைசாகூட, அச்சிலிருந்து வந்த பளபளப்பு குலையாமல் இருந்தால் டீலர்கள் ‘யுஎன்சி’ என்று தனியாக எடுத்து வைப்பார்கள்.

உங்கள் ஆயிரம் ரூபாய்க்கு நான் சொல்லும் வழி: எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். 1907 ஓரணாவில் தொடங்கி 1974 நிக்கல் ரூபாய் வரை, நிக்கல் இந்தியாவில் நடந்துபோன பாதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒன்று, முடிந்தவரை தேயாததாக. வழியில் ஒரு வேடிக்கை வரும். 1942 முதல் 45 வரை ஓரணாவும் இரண்டணாவும் திடீரென்று மஞ்சளடிக்கும். இரண்டாம் உலகப்போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால், காசுக்குப் பேருக்கு ஒரு துளி நிக்கல் போட்டுப் பித்தளையாக அடித்தார்கள். 1946-ல் மறுபடி வெளுத்துவிட்டது. நாலு மஞ்சள் அணாவை வெள்ளை அணாக்களுக்கு நடுவே வரிசையாக வைத்துப் பாருங்கள், யுத்தம் எப்போது நடந்தது என்று காசே சொல்லும்.

அப்புறம், 1964 நேரு ஐம்பது பைசா. ஒன்றில் அவர் பெயர் ஆங்கிலத்திலும் இன்னொன்றில் இந்தியிலும் இருக்கும். இரண்டும் வேண்டும். ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வைத்தும் பாருங்கள்: வைரம் போன்ற குறி பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. ‘மெட்ராஸ் மிண்ட் ஓரணா, ரொம்ப ரேர்’ என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த மெட்ராஸ் நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள்.

விசித்திரக் காசுகளில் எனக்குப் பிடித்தது ‘ப்ரோக்கேஜ்’. அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வில்லையில் அந்தக் காசே அச்சாகப் பதியும். விளைவு, ஒரு பக்கம் சரியான சிங்கத்தலை, மறுபக்கம் அதே சிங்கத்தலை குழிந்து, இடவலம் மாறி. இதைப் பட்டறையில் போலியாகச் செய்வது கடினம். ஆனால் வெறுமனே நசுங்கியதையும் ரம்பத்தால் அறுத்ததையும் ‘எரர் காயின்’, அதாவது அடிக்கும்போதே பிழையான காசு, என்று விற்பவர்கள் நிறைய. முதல் ஓராண்டுக்கு எரர் பக்கமே போகாதீர்கள், கண் பழகட்டும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், பல்பொடி, பித்தளைக்குப் போடும் பாலிஷ் எதுவும் கூடாது. நான் ஆரம்பத்தில் அருமையான ஒரு 1950 ரூபாயைப் பளபளவென்று துலக்கி ஒரு டீலரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீக்கு ஆர்டர் கொடுத்தார். தேய்த்த கீறல் லென்ஸில் தெரியும். விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். முகப்பைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள். மெத்தென்று நாற்றமடிக்கும் பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனம் காசில் பச்சைப் பிசுக்காகப் படியும். நடுவில் மைலார் என்ற கண்ணாடி போன்ற தாள் வைத்த அட்டைச் சட்டங்கள் நாணயக் கண்காட்சிகளில் மலிவாகவே கிடைக்கும். சென்னைப் பக்கம் வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியை ஒரு மணி நேரம் பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மகன் விஷயம். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகிவிடும். அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆகவே பழைய அணாக்களையும் எட்டணாவையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நயா பைசா வேண்டுமானால் இரண்டு கொடுக்கலாம்.

அதற்குப் பதில் அவரிடம் நீங்கள் கேளுங்கள். அவர் இருப்பது நிக்கல் பூமியில். அங்கேயே சட்பரி சுரங்கங்களின் நிக்கலை வைத்துக் கனடா 1922 முதல் சுத்த நிக்கலில் ஐந்து சென்ட் அடித்தது. 1951-ல் நிக்கலுக்காகவே ஒரு நிக்கல் காசு வெளியிட்டார்கள். சுவீடன் விஞ்ஞானி க்ரோன்ஸ்டெட் அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்து 200 ஆண்டு ஆனதற்கு. அதற்கு முன் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் செம்பு மாதிரி தெரிந்தும் செம்பு தராத அந்தத் தாதுவை ‘செம்புக் குட்டிச்சாத்தான்’ என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். நிக்கல் என்ற பெயர் அந்த வசவில் பிறந்தது. இன்னொன்று, 1943 முதல் 45 வரை வந்த, வெற்றிக்கான ‘வி’ எழுத்துப் போட்ட ஐந்து சென்ட். அங்கேயும் நிக்கல் யுத்தத்துக்குப் போய்விட்டதால் வேறு உலோகத்தில் அடித்தார்கள். அதன் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக இருப்பது அலங்காரமல்ல, மோர்ஸ் குறியீடு. மனமுவந்து உழைத்தால் வெல்வோம் என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்த இரண்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவரை பாட்டிலின் அடியில் அந்த எட்டணா இருந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.