மெமரி சிப் நிறுவனங்களின் போட்டி பங்கு வாங்கியவர்களை ஏன் பாதிக்கிறது?

பென் டிரைவ், கணினியில் இருக்கும் எஸ்எஸ்டி இவற்றுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப்தான் ஃப்ளாஷ் மெமரி. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்சியா, சான்டிஸ்க் என்று சிலரே பெருமளவில் இதைத் தயாரிக்கிறார்கள். போட்டிக்கு ஆள் குறைவு, அதனால் லாபம் நிச்சயம் என்று தோன்றும். நடப்பது வேறு.

ஒருவர் சிப்புக்கும் இன்னொருவர் சிப்புக்கும் வாங்குபவர் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை, மோதல் விலையில்தான். விலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் ஆலையை விரிவாக்குகிறார்கள். அது முடிய வருடங்கள் ஆகும். அப்புறம் எல்லார் சரக்கும் ஒன்றாக வந்து குவிகிறது. போட்ட முதல் பெரிது என்பதால் ஆலையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது.

இது பூ வியாபாரம் போலத்தான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்து கூடினால் விலை விழும். அதற்காகப் பறிக்காமல் விட முடியுமா? மொட்டு அன்றே மலர்ந்துவிடுமே! பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் அதே பூவின் விலை எகிறும்.

2023-இல் மைக்ரானும் எஸ்கே ஹைனிக்ஸும் நஷ்டம் கண்டன. உற்பத்தியைக் குறைத்தார்கள், ஏஐ தேவையும் சேர்ந்தது. 2024-இல் லாபம் திரும்பியது. பங்கு விலையோ பெரும்பாலும் இதற்கெல்லாம் முன்பே நகர்ந்துவிடும்.

“உலகில் டேட்டா பெருகுகிறது, ஆகவே இந்தப் பங்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும்” என்று பலர் நம்புகிறார்கள். தேவையைவிட உற்பத்தி வேகமாகக் கூடினால், விலை விழுந்து, விற்பனை பெருகும் ஆண்டிலும் நஷ்டம் வரலாம்.