படத்தை எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஞாயிறு பாடசாலைக்கு ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் புரொஜெக்டர் வாங்கித் தந்தது. அதிலிருந்து வாரம் ஒரு வேதாகமக் கார்ட்டூன் போடுகிறோம். வரவு கூடியிருக்கிறது. ஆனால் அடுத்த கிழமை கதையைக் கேட்டால் சிரிப்பு வந்த இடத்தை மட்டும் சொல்கிறார்கள். சபை மூப்பர் ஒருவர், "கோயிலுக்குள்ள படம் ஓட்டுறதா?" என்கிறார். நிறுத்திவிடவா?
— ஆசிரியை, பெரியகல்லாறு

பதில்: புரொஜெக்டரைக் கட்டி வைக்க வேண்டாம், தங்கச்சி. ஆனால் படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவதை இந்தக் கிழமையோடு விடுங்கள். அப்படி ஓடினால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது, பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர.

இயேசு புயலை அமர்த்திய கதையை எடுங்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் கடைசி ஏழு வசனங்கள்தான். முதலில் ஒரு பெரிய பிள்ளை அதை வாசிக்கட்டும். பிறகு படத்தைப் போட்டு, படகில் தண்ணீர் ஏறி, சீடர்கள் இயேசுவை எழுப்பும் இடத்தில் நிறுத்துங்கள். "நீங்கள் அந்தப் படகில் இருந்தால் என்ன சொல்லி எழுப்புவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். தகப்பன் கடலுக்குப் போன இரவில் காற்றுச் சத்தம் கேட்டு விழித்திருந்த பிள்ளை உங்கள் வகுப்பில் கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளை வாய் திறந்தால் அன்றைய பாடம் அதுதான். மிச்சப் படத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் கல்லடியில் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு சிறுமி, "அப்பா வந்த பிறகும் எனக்குப் பயம் போகல்ல மிஸ்" என்றாள். காற்று அடங்கிய பிறகும் சீடர்கள் மிகவும் பயந்தார்கள் என்றுதான் மாற்கும் எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை எல்லோரும் திரும்ப ஒருமுறை வாசித்தோம்.

மறுகா, நாம் போகாத ஊரைக் கண்ணுக்குக் காட்டுவதற்குப் படம் நல்லது. ஆனால் கார்ட்டூனில் கலிலேயாக் கடலைப் பெருஞ்சமுத்திரமாக வரைந்துவிடுகிறார்கள். அது ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமான நன்னீர் ஏரி. நமது மட்டக்களப்பு வாவியோ 56 கிலோமீற்றர்! பிள்ளைகள் லேசில் நம்பமாட்டார்கள், வரைபடத்தில் அளந்து பார்க்கட்டும். கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கும் ஏரி என்பதால் காற்று சட்டென்று இறங்கி அடிக்கும். 1986இல் வறட்சியில் தண்ணீர் வற்றியபோது, இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு ஒன்றை அங்கே சேற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள். நீளம் சுமார் 27 அடி, அகலம் ஏழரை அடி. கோயில் முற்றத்தில் கயிற்றைப் போட்டு அந்த அளவுக்கு ஒரு படகு செய்யுங்கள். பதின்மூன்று பிள்ளைகள் உள்ளே ஏறட்டும், ஒருவர் பின்பக்கத்தில் தலையணை வைத்துப் படுக்கட்டும். படத்தில் வந்த கப்பல் சரியா பிழையா என்று அவர்களே சொல்வார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பிடிக்கும் வேலையை ஒவ்வொரு கிழமையும் கொடுக்கலாம். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கே சொல்கிறார்? அவர்கள் வந்தது தொழுவத்துக்கா, வீட்டுக்கா? வேதாகமத்தைத் தாங்களாகவே புரட்டுவார்கள்.

மூப்பரோடு கோபிக்க வேண்டாம். ஒரு ஞாயிறு வகுப்பில் வந்து இருக்கச் சொல்லுங்கள். அவருடைய காலத்தில் பிளானல் துணியில் ஒட்டிய படங்களை வைத்துக் கதை சொல்லியிருந்தால், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

கேள்வி: என் ஆறு வயது மகன் ஞாயிறு பாடசாலையில் சிலுவைக் காட்சியைப் பார்த்துவிட்டு இரவில் எழும்பி அழுகிறான். டீச்சரிடம் சொல்லலாமா? விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ?
— தாய், கல்முனை

பதில்: இந்த ஞாயிறே சொல்லுங்கள் மகள். ஆறு வயதில் பயப்படுவது விசுவாசக் குறைவல்ல. சின்ன வகுப்புக்குச் சிலுவைப்பாடுகளை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சொல்கிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எங்கே குறைப்பது என்று அறிவார். திரைக்கு அது தெரியாது. உயிர்த்தெழுந்ததையும் அதே வகுப்பில் சொல்லி முடிக்க வேண்டும். அடுத்த கிழமைக்குத் தள்ளக் கூடாது.

நம் பக்கத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் நம்மோடுதான் இருக்கின்றன. எந்தப் படமானாலும் ஆசிரியர் முந்தின நாளே முழுதாகப் பார்க்க வேண்டும். திடீர் வெடிச் சத்தமும் அலறலும் இருந்தால் அந்த இடத்தைக் காட்டக் கூடாது.

உங்கள் மகனுக்கு இந்தக் கிழமை படுக்கப் போகும் முன் மகதலேனா மரியாள் தோட்டத்தில் இயேசுவைக் கண்ட பகுதியை வாசித்துக் காட்டுங்கள். யோவான் 20இல் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கிராமத்தில் இணையம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. யூடியூப்பில் போட்டால் நடுவில் விளம்பரம் வேறு. என்ன செய்யலாம்?
— வாலிபர், வவுணதீவு

பதில்: வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்ப வேண்டாம் தம்பி. படத்தைத் தயாரித்த அமைப்பின் சொந்தத் தளத்தில் தமிழில் இலவசமாக இறக்க விடுகிறார்களா, சபையில் காட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் டவுனுக்கு வரும்போது பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போகலாம். திறந்த மண்டபத்தில் பகல் வெளிச்சத்துக்குப் புரொஜெக்டர் எடுபடாது. சிறிய வகுப்புக்கு ஒரு டிவி போதும். அதில் பென் டிரைவ் குத்த இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.