புறக்கடையில் முயல் கொட்டகை: 6 முயலுக்கு 6 கூண்டு போதுமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வீட்டின் புறக்கடையில் கிழக்கு மேற்காக 20 அடி நீளமும், தெற்கு வடக்காக 15 அடி அகலமும் உள்ள இடம் சும்மா கிடக்கிறது. மேற்கு ஓரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையின் சுவரும், கிழக்கு ஓரத்தில் ஒரு வேப்பமரமும் உள்ளன. 5 பெண் முயல், 1 ஆண் முயலுடன் தொடங்க எண்ணியுள்ளேன். 6 கூண்டுகளை மூன்றடுக்காக அடித்து, மேலே தகரம் போட்டால் போதும் என்று வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். கம்பி வலைச் செலவை மிச்சப்படுத்தி, மண் தரையிலேயே விட்டு வளர்க்கலாமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். பணம் போடுவதற்கு முன்பாகவே கேட்டது நல்லதாயிற்று. கூண்டு அடித்து, முயலும் வந்து இறங்கிய பிறகு கூரையை மாற்றச் சொன்னால் எவருக்கும் மனம் வராது. பட்டறைக்காரர் சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் அது இன்று வாங்கும் 6 முயலுக்கான கணக்கு. கொட்டகையில் இடத்தை அடைக்கப் போவது அந்த ஆறு முயல்கள் அல்ல, அவற்றின் குட்டிகள்.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். ஆறு வாரத்தில் பால் மறக்கச் செய்து, தாய்க்கு ஓரிரு நாள் ஓய்வு கொடுத்து மீண்டும் இணை சேர்த்தால், ஒரு தாய் ஈன்று அடுத்து ஈனுவதற்கு 75 நாள் ஆகிறது. பால் மறந்த குட்டி விற்பனை எடைக்கு வர மேலும் 50 நாள் தீவனம் தின்றாக வேண்டும். ஈற்றுக்கு 6 குட்டி தப்பிப் பிழைப்பதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து தாய்களையும் ஒரே வாரத்தில் இணை சேர்த்தால் ஒரே நாளில் 30 குட்டிகளுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, முதலில் இரண்டு தாய், 25 நாள் கழித்து இரண்டு தாய், அதற்கும் 25 நாள் கழித்து ஒரு தாய் என்று பிரித்து இணை சேருங்கள். இப்படிச் செய்தால் வளரும் குட்டிகள் எந்த நேரத்திலும் 24-ஐத் தாண்டா. இரண்டு தாய்கள் ஒரே வாரத்தில் ஈனுவதில் இன்னொரு வசதியும் உண்டு: ஒன்று பத்துக் குட்டியும் மற்றொன்று நான்கு குட்டியும் போட்டால், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மூன்று குட்டிகளை அதிலிருந்து எடுத்து இதன் பெட்டியில் சேர்த்துவிடலாம்.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஈனும் பெட்டியும் உள்ளே வைக்க வேண்டியிருப்பதால் தாய் முயலுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும். ஆண் முயலுக்கு 2 அடிக்கு 2 அடி போதும். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றரை அடி. பால் மறந்த குட்டிகளை 4 அடிக்கு 2 அடிக் கூண்டில் ஐந்து, மிஞ்சினால் ஆறு விடலாம். அதற்கு மேல் நெருக்கினால் சீதக்கழிச்சலும் சண்டையும் வரும். ஆண் முயலை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஏனெனில் இருக்கும் ஒரே ஆண் நோயில் படுத்தால் ஐந்து தாய்களும் சும்மா நின்று தீவனம் தின்னும். இப்போது உங்கள் இடத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரு வரிசையில் ஐந்து தாய்க் கூண்டுகள் 15 அடி, இரண்டு ஆண் கூண்டுகள் 4 அடி, ஆக 19 அடி. எதிர் வரிசையில் நான்கு குட்டிக் கூண்டுகள் 16 அடி, அடுத்த தலைமுறைக்கென்று நிறுத்தும் பெண் குட்டிக்கு ஒன்று 3 அடி, ஆக 19 அடி. மொத்தம் 12 கூண்டுகள். சுவரோரம் ஓர் அடி இடைவெளி, கூண்டு 2 அடி, நடுவில் நடக்க 4 அடி, மறுபுறம் கூண்டு 2 அடி, பிறகு ஓர் அடி என்று கொட்டகையின் அகலம் 10 அடியில் முடிந்துவிடும். மீதி 5 அடியை இரு புறமும் இரண்டரை அடித் தாழ்வாரமாக இறக்கிவிடுங்கள். அது வீணாகும் இடமன்று. வடகிழக்குப் பருவமழையின் சாரலையும் வெயிலையும் கூண்டுக்கு வராமல் தடுப்பதே அதுதான்.

மூன்றடுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேல் அடுக்கின் மூத்திரத்தைத் தாங்க ஒவ்வோர் அடுக்கின் கீழும் தட்டு வைத்து நாள்தோறும் கழுவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கீழ் அடுக்கு முயல் அம்மோனியா நெடியில் மூச்சு விடும். சில வாரங்களில் தும்மலும் மூக்கு ஒழுகலும் தொடங்கும். மேல் அடுக்கோ கூரைக்கு மிக அருகில் இருப்பதால் வெப்பத்தில் வேகும். உங்களுக்கு இடம் இருக்கும்போது, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஒற்றை அடுக்காகவே அமையுங்கள். பெட்டிக்குள் கைவிட்டுக் குட்டி பார்ப்பதற்கும் அந்த உயரமே முதுகு வலிக்காத உயரம்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நாமக்கல் போன்ற உள்மாவட்டத்தில் முயல் வளர்ப்பு நிற்பதும் விழுவதும் இதில்தான். முயலுக்கு வியர்த்துத் தணியும் வழி ஏறக்குறைய இல்லை. காதின் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் மட்டுமே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. 30-ஐத் தாண்டினால் தீவனம் குறையும், 35-ஐத் தாண்டினால் சினை முயலும் கொழுத்த முயலும் மடியத் தொடங்கும். ஆண் முயலின் பாதிப்பு வெளியே தெரிவதில்லை. கடும் வெப்பத்தில் அதன் விந்தணுக்கள் கெடும்; புதியவை உருவாகி வெளிவர ஏழெட்டு வாரம் ஆகும். நான் பணியில் இருந்த காலத்தில், தாழ்வான தகரக் கொட்டகையில் முயல் வளர்த்த ஒருவர், மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தாயும் சினை பிடிக்கவில்லை என்று ஜூலையில் இரண்டு ஆண் முயல்களையும் கறிக்கு விற்றுவிட்டார். பழுது முயலிடம் இல்லை, கூரையில் இருந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அவை தாமாகவே தேறியிருக்கக்கூடும்.

ஆகவே தென்னங்கீற்று, பனையோலை அல்லது நாட்டு ஓடு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடு முகடு 10 அடி, ஓரம் 7 அடி உயரம் இருக்கட்டும். கீற்று குளிர்ச்சி தருவதில் சிறந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலியும் பாம்பும் தங்கும், தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. அடுப்படிப் புகைபோக்கி அந்தப் பக்கம் இருந்தால் ஓடே நல்லது. தகரம்தான் முடியும் என்றால் அதன் மேல் கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள். உங்கள் இடம் கிழக்கு மேற்காக நீண்டிருப்பது ஒரு நல்வாய்ப்பு: நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பதால் காலை, மாலை வெயில் கூண்டுக்குள் நேரே விழாது. மேற்கு வெயிலை மாட்டுக் கொட்டகைச் சுவர் மறைத்துவிடும். மாட்டு மூத்திரம் வடியும் கால்வாய் மட்டும் இந்தப் பக்கம் வந்தால் வேறு திசைக்குத் திருப்பிவிடுங்கள். ஆண் கூண்டுகளை வேப்பமர நிழல் விழும் கிழக்குக் கோடியில் வையுங்கள்.

பக்கச் சுவரை இரண்டு அடிக்கு மேல் எழுப்பாதீர்கள். கூண்டு மட்டத்தில் காற்று தடையின்றி ஓட வேண்டும். அதற்கு மேல் கூரை வரை அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடித்து, கதவுக்கடியிலும் இடுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனை, கீரி, பெருச்சாளி, சாரைப்பாம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேலையே காவல். நாய் கடிக்க வேண்டியதில்லை, இரவில் கூண்டருகே குரைத்தாலே போதும். மிரண்ட தாய் பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும்.

மண் தரையில் விட்டு வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இறைச்சிக்காக நாலைந்து குட்டிகளைச் சில வாரம் அப்படி வளர்க்கலாமே தவிர, இனப்பெருக்கத்துக்கு அது ஆகாது. முயல் வளை தோண்டும். எந்தத் தாய் எப்போது ஈன்றது, எத்தனை குட்டி இறந்தது என்பதே தெரியாது. தன் புழுக்கை கிடக்கும் தரையிலேயே தின்பதால் இரத்தக்கழிச்சல் எனும் காக்சிடியா நோய் குட்டிகளை வரிசையாகக் கொண்டுபோகும். வலையில் மிச்சமாகும் பணம் அங்கே போய்விடும்.

வலை வாங்கும்போது துருப்பிடிக்காத முலாம் பூசிய 14 கேஜ் வெல்ட் மெஷ் கேளுங்கள். தரைக்கு ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் போதும். அதைவிடப் பெரிதானால் குட்டியின் கால் சிக்கி முறியும், மிகவும் சிறிதானால் புழுக்கை கீழே விழாமல் தேங்கும். தாய்க் கூண்டின் பக்கங்களிலும் அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்துக்கு இதே நெருக்கமான வலை வேண்டும். பெட்டியிலிருந்து தவழ்ந்து வரும் குட்டி வெளியே விழாது. பட்டறையிலிருந்து கூண்டு வந்ததும் உள்புறம் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கீறும் கம்பி முனை, முயலின் பாதத்தையும் கிழிக்கும். ஒவ்வொரு கூண்டிலும் ஓரடிச் சதுரப் பலகை ஒன்றைப் போட்டால் முயல் அதில் அமர்ந்து ஓய்வெடுக்கும்; பாதப் புண் வராது. வாரம் ஒருமுறை அதைக் கழுவி வெயிலில் காய வையுங்கள். மரச் சட்டக் கூண்டு வேண்டாம்: முயல் கொறிக்கும், மூத்திரம் ஊறும், சொறிப் பூச்சி ஒளிந்துகொள்ளும்.

ஈனும் பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்; முன்புறப் பலகை மட்டும் ஆறு அங்குலம் இருந்தால் தாய் எளிதாகத் தாண்டும். இணை சேர்த்த 27-ஆம் நாள் தேங்காய் நாரோ காய்ந்த வைக்கோலோ பரப்பி உள்ளே வையுங்கள். முன்கூட்டியே வைத்தால் அதில் மூத்திரம் பெய்து பாழாக்கிவிடும். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் போட்டு மெத்தை அமைக்கும். அதை அழுக்கென்று எடுத்துப் போடாதீர்கள். தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடமே பால் கொடுக்கும். பால் தரவில்லையோ என்று பதறிப் பலமுறை திறந்து பார்ப்பதைவிட, காலையில் குட்டிகளின் வயிறு உப்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். கண் திறக்காத, மயிரில்லாத குட்டிகளை ஒரே இரவில் தின்றுவிடும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் பழைய இன்ஜின் ஆயில் நனைத்த துணியைச் சங்கிலியில் சுற்றுங்கள். கூண்டுக்கடியில் சிமெண்டுத் தரை போடுவதானால் ஓரத்துக்குச் சரிவு கொடுங்கள். இயலாவிட்டால் ஓரடிப் பள்ளம் எடுத்து மணல் நிரப்பினாலும் மூத்திரம் இறங்கிவிடும். புழுக்கையை வாரிக் குப்பைக்குழியில் சேருங்கள். உங்கள் தென்னைக்கோ காய்கறிக்கோ நல்ல எரு.

தண்ணீருக்கு, முயல் வாய் வைத்தால் மட்டும் நீர் வரும் நிப்பிள் குழாய் வசதியானது. ஆனால் பிற்பகல் 2 மணிக்குக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளிருக்கும் தண்ணீரும் சூடுதான், முயல் குடிக்காது. தொட்டியையும் குழாயையும் நிழலில் கொண்டு வரும்வரை கனமான மண் கிண்ணமே மேல்.

கொட்டகை முடிந்ததும் முயல் வாங்க அவசரப்படாமல், கூண்டு உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுச் சில நாள் பிற்பகலில் குறித்து வாருங்கள். நிழலிலேயே 35-ஐத் தொட்டால் கூரையை முதலில் சரிசெய்யுங்கள். கோடையில் ஈரச் சாக்கு கட்டலாம். காற்றோட்டம் இல்லாத நேரத்தில் உள்ளே தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் இணை சேர்ப்பதை விட்டுவிடுங்கள். அதற்காகவே ஆண்டுக்கு நான்கு ஈற்று என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகிய இனங்கள் நம் பகுதிக்குப் பழக்கமானவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் முயல் ஆராய்ச்சிக்கு அறியப்பட்டது. ஆயினும் மலைக் குளிரில் வளர்ந்த முயலைக் கோடையில் நேரே சமவெளிக்கு இறக்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் கொண்டு வந்தால் வெயிலுக்குப் பழக அவகாசம் கிடைக்கும். வயலில் பிடித்தது என்று யாராவது காட்டு முயல் கொடுத்தால் வாங்க வேண்டாம். அது வேறு இனம், இவற்றோடு சேர்ந்து ஈனாது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இவை தவிர 13-ஆவதாக ஒரு கூண்டு, கொட்டகைக்கு வெளியே, வீட்டின் மறுபக்கத்தில் இருக்கட்டும். பின்னாளில் புதிதாக வரும் எந்த முயலும் முதல் மூன்று வாரம் அங்கேதான் தங்க வேண்டும்; அதற்குத் தீவனம் வைக்கும் வேலையை மற்ற முயல்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாகச் செய்யுங்கள். காதுக்குள் பொருக்கும், மூக்கோரத்திலும் முன்னங்கால் உட்புறத்திலும் ஈரமும் இல்லை என்று உறுதி செய்த பிறகு அதைக் கொட்டகைக்குள் சேருங்கள். பொருக்கோ ஈரமோ கண்டால், முயலைக் கூடையில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே எடுத்துச் சென்று காட்டிவிடுங்கள்.