உள்ளூர் டென்னிஸ் போட்டிக்கு முன்னோட்டம் எழுதும்போது ஆட்டக்காரர்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி கேட்டவரின் கிளப்பில் அடுத்த மாதம் போட்டி. ஆடப்போகிறவர்களைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் முன்னோட்டம் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. கையில் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது, எதை வைத்து எழுதுவது என்கிறார்.

எனக்கும் இந்த வேலை அப்படித்தான் வந்து சேர்ந்தது. எங்கள் கிளப் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு மண் கோர்ட், ஒரு சிந்தெடிக். முட்டி போனபிறகு கிளப்பில் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நான் ஒருத்தன்தான், அதனால் என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒன்பது வருடமாக எழுதுகிறேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் போயிருக்கிறது. ஆனால் எதனால் தப்பாகப் போகிறது என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

ஆட்டக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஒரு வருடம் ஆவணியில் போட்டி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தம். இரட்டையரில் பாதி ஆட்டம் வாக்ஓவர் (எதிராளி வராததால் ஆடாமலே ஜெயிப்பது), அம்பயரும் பந்திக்குப் போய்விட்டார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய முன்னோட்டத்தில் பேர் வந்த முக்கால்வாசிப் பேர் கோர்ட்டுக்கே வரவில்லை. அதிலிருந்து ஆடி மாதத்துக்கு மாற்றிவிட்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆள் கிடைப்பார்கள். பதினெட்டு அன்று மட்டும் பவானி கூடுதுறைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், அன்றைக்கு ஆட்டம் வைப்பதில்லை.

ஆடியில் ஆள் கிடைப்பது மாதிரியே காற்றும் கிடைக்கும். எங்கள் பக்கத்து முன்னோட்டத்தில் பாதி இந்தக் காற்றைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் பெரிய வாசல் திறந்துவிட்ட மாதிரி ஒரு கணவாய் இருக்கிறதல்லவா, தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாக நேரே நம் மேல் வந்து இறங்கும். பல்லடம், உடுமலை சுற்றிலும் காற்றாலை நட்டுவைத்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான்.

டென்னிஸ் கோர்ட்டை வழக்கமாகத் தெற்கு வடக்காகத்தான் போடுவார்கள், காலை மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. காற்றோ மேற்கே இருந்து வருகிறது. ஆகவே பந்துக்கு அது குறுக்குக் காற்று. வலக்கைக்காரர் தெற்குப் பக்கம் நின்று சர்வ் போட்டால், தூக்கிப் போட்ட பந்து வலது பக்கம் விலகும். கொஞ்சம் எட்டி அடித்துவிடலாம். வடக்குப் பக்கம் போய் நின்றால் அதே பந்து தலைக்கு மேலே இடது பக்கமாக ஓடும், முதுகை வளைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். இடக்கைக்காரருக்கு அப்படியே உல்டா. பந்தை எவ்வளவு உயரம் தூக்கிப் போடுகிறாரோ அவ்வளவு வம்பு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற ஒரு ஐயா. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு 57 வயது. முதல் சுற்றில் அவரோடு மோதினது கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, 19 வயது, கல்லூரி அணிக்காரன். தம்பி போடுகிற முதல் சர்வ் வேலியில் மோதும் சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்கும். நான் குழுவில் எழுதினேன்: "ஐயாவுக்கு இது அரை மணி நேர வேலை, சீக்கிரம் முடிந்தால் மண்டிக்குப் போய்விடலாம்." எழுபது பேர் சிரித்த முகம் போட்டார்கள்.

சாயங்காலம் நாலரை. வேலியோரத்துத் தென்னையில் மட்டை எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கிறது. டாஸ் ஐயாவுக்கு விழுந்தது. டாஸ் ஜெயித்தவர் சர்வ் அல்லது ரிசீவ் எடுக்கலாம், பக்கம் கேட்கலாம், "நீங்களே முதல்ல சொல்லுங்க" என்று எதிராளியிடமும் விடலாம். நம் ஆட்கள் யோசிக்காமல் சர்வ் என்பார்கள். ஐயா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் தெக்கால நின்னுக்கறனுங்க" என்றார். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நான் சர்வ் எடுத்துக்கறனுங்க ஐயா" என்று வடக்குப் பக்கம் ஓடினான்.

முதல் பந்தைத் தூக்கிப் போட்டான், பின்னால் போய்விட்டது, பிடித்துக்கொண்டான். மறுபடி போட்டான், மறுபடி பிடித்தான். மூன்றாவது முறை வெட்கப்பட்டுக்கொண்டு அடித்தான், வலையில். அந்த ஒரு கேமில் மூன்று டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தப்பாகி பாயிண்ட் போவது. பக்கம் மாறினார்கள். இப்போது ஐயா அதே வடக்குப் பக்கம் நின்று சர்வ் போடுகிறார். பந்தை ஒரு முழத்துக்கு மேல் தூக்குவதில்லை. கை உயர்வதும் பந்து போவதும் ஒன்றாக நடந்துவிடும், காற்றுக்கு அதைத் தொட நேரமே கிடையாது. பந்து ரொம்ப மெதுவாகப் போனது, ஆனால் உள்ளே போனது.

அப்புறம் லாப், எதிராளி தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அனுப்புவது. தம்பி வலைக்கு வந்தபோதெல்லாம் ஐயா பந்தை மேற்குக் கோட்டுக்கு வெளியே போகிற மாதிரியே தூக்குவார். தம்பி "அவுட்" என்று ராக்கெட்டை இறக்கிவிடுவான். காற்று அதைக் கொண்டுவந்து கோட்டுக்கு உள்ளே வைக்கும். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, ஐந்து தடவை. எட்டு கேம் செட்டில் 8-3, ஐயா ஜெயித்துவிட்டார். வெளியே வந்தவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங் தம்பி, அரை மணி நேரம்னு எழுதியிருந்தீங்க, அம்பது நிமிசம் ஆயிப்போச்சுங்க. மண்டிக்கு லேட்டு."

அன்றிலிருந்து யார் எவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். நம் மட்டத்தில் பாயிண்ட் முடிவது பெரும்பாலும் ஒருத்தர் தப்பு பண்ணித்தான். அதனால் "இவர் எங்கே தப்பு பண்ணுவார்" என்று கண்டுபிடித்தாலே முன்னோட்டம் பாதி எழுதின மாதிரி. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். முதல் சர்வைப் பார்க்க வேண்டாம், அது எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். 30-40 இருக்கும்போது, அதாவது இன்னொரு பாயிண்ட் போனால் கேமே போய்விடும் என்கிறபோது, போடுகிற இரண்டாவது சர்வைப் பாருங்கள். அங்கே கை நடுங்குகிறவர் போட்டியிலும் நடுங்குவார்.

இன்னொன்று, நெருக்கடியில் பந்தை எந்தப் பக்கம் அனுப்புகிறார் என்பது. கோர்ட்டின் நீளம் 78 அடி. ஒற்றையர் கோட்டில் மூலைக்கு மூலை அடித்தால் 82 அடிக்கு மேல் இடம் கிடைக்கும். வலையும் கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்று அடிதான். குறுக்கே அடிக்கிறவருக்கு இடமும் அதிகம், வலையும் தாழ்வு. இது தெரிந்தும், 5-5 ஆனவுடன் கோட்டை ஒட்டி நேராக அடித்துக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறவர்கள் எங்கள் கிளப்பில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரும் காலிறுதியைத் தாண்டினதில்லை.

எங்கள் கிளப் பெரியவர்கள் இந்த இடத்தில் ராமநாதன் கிருஷ்ணனை இழுத்துவிடுவார்கள். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். சர்வ் பெரிய ஆயுதம் கிடையாது, கையின் நளினத்தில் ஆடியவர். 1961 காலிறுதியில் ராய் எமர்சனையே தோற்கடித்தார். இரண்டு அரையிறுதியிலும் அவரை ஜெயித்தவர்கள் நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும், இரண்டு பேரும் அந்தந்த வருடம் பட்டம் வாங்கினார்கள். "கை இருந்தாப் போதுமுங்க" என்று பெரியவர்கள் முடிப்பார்கள். கிருஷ்ணனுக்குக் காலும் இருந்தது என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

பந்தையும் விசாரியுங்கள். புதுப் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. எங்கள் போட்டியில் அரையிறுதிக்குத்தான் புது டப்பா உடைப்பார்கள். முதல் சுற்றில் வருகிற பந்து ஏற்கெனவே இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தது, இடுப்புக்கே வராது. பந்தை வெட்டித் தாழ்வாக அனுப்பி ஸ்லைஸ் பண்ணுகிறவருக்குக் கொண்டாட்டம், பந்தைச் சுழற்றி உயர எழும்ப வைக்கிற டாப்ஸ்பின்னை நம்பி இருப்பவருக்குத் திண்டாட்டம். அரையிறுதியில் அப்படியே திரும்பும். அதனால் "முதல் சுற்றில் கஷ்டப்படுவார், தப்பித்துவிட்டால் கோப்பை வரை போவார்" என்று ஒருத்தரைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

டிராவைப் பற்றி, அதாவது யார் யாரோடு மோதுவது என்கிற பட்டியலைப் பற்றி, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலமானவர்கள் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைப்பதுதான் சீடு; முதல் இரண்டு சீடு மேலும் கீழுமாகப் போய்விடும், இறுதிக்கு முன்னால் சந்திக்க மாட்டார்கள். சீடு கொடுப்பது போன வருட முடிவை வைத்து என்று சொல்லிக்கொள்வோம், கோப்பைக்குப் பணம் கொடுத்தவரின் தம்பிக்கு நாலாவது சீடு போனதும் உண்டு. கவனிக்க வேண்டியது பை (bye), முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது. 22 பேர் பெயர் கொடுத்தால் 32 பேர் டிராவில் 10 பேருக்கு முதல் சுற்று கிடையாது. 45 வயதுக்காரர்கள் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடுகிற போட்டியில் ஒரு பை என்பது ஒரு பேக்ஹேண்டுக்குச் சமம். ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் பெயர் கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

மதியம் எங்கள் கிளப்பில் அரிசியும் பருப்புச் சோறு, நெய் ஊற்றி. இரண்டாவது தட்டு வாங்குகிறவர் பெயருக்கு நேரே டிரா தாளில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். இரண்டரை மணி ஆட்டத்தில் அந்தப் புள்ளி பொய்த்ததே இல்லை.

இரட்டையரை எடைபோடுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. கோவைக்காரர் ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவோடு இரட்டையர் ஆடினதிலிருந்து எங்கள் பசங்களுக்கும் அதில்தான் ஆசை. கூட்டு வயது 90 என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறோம், இரண்டு பேர் வயதையும் கூட்டினால் குறைந்தது 90 வர வேண்டும். அதில் ஒன்றே ஒன்று பார்ப்பேன்: நடுவில் வருகிற பந்துக்கு யார் வாயைத் திறக்கிறார். ஒருத்தரும் திறக்கவில்லை என்றால் அந்த ஜோடி பெயரை எழுத வேண்டியதில்லை. மச்சானும் மாப்பிள்ளையுமாக வருகிற ஜோடி இன்னும் மோசம், ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பந்து நடுவில் போய்விடும்.

எழுதும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. பந்தைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். ஒருத்தருடைய பேக்ஹேண்டைக் "கதவில்லாத வீடு" என்று எழுதிவிட்டேன். அவருடைய பையன் எட்டாவது படிக்கிறான், அவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். நாலு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. இப்போதெல்லாம் "பேக்ஹேண்டுக்கு வருகிற பந்தைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டில் எடுப்பார்" என்று எழுதுகிறேன். விஷயம் அதேதான், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, இந்த வருடம் நான் எழுதி வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன், மாதிரிக்கு ஆகட்டும். முதல் சீடு பொள்ளாச்சி டாக்டர், இடக்கைக்காரர், வடக்குப் பக்கம் சர்வ் போட அவருக்குச் சுகம். ஆனால் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வந்தால் வாக்ஓவர்தான், இரண்டு வருடம் அப்படி ஆகியிருக்கிறது. இரண்டாவது சீடு திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், தனியாகக் கோச் வைத்துக் கற்கிறார், கால் நன்றாக வந்திருக்கிறது, 30-40 மட்டும் இன்னும் பயம். மண்டி ஐயாவுக்கு இப்போது 60. ஜெயிப்பார் தோற்பார் என்று எதுவும் எழுதவில்லை, "வருகிறார்" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

அந்தத் தம்பி படிப்பை முடித்து சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இந்த வருடம் சீடு கிடையாது. போன சனிக்கிழமை மதியம் நாலு மணிக்குக் கிளப்புக்குப் போனேன், நல்ல காற்று. மண் கோர்ட்டில் தனியாக வடக்குப் பக்கம் நின்றுகொண்டு ஒரு முழ உயரத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் பார்த்தேன், ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இறுதி ஆட்டத்தில் பனியன்காரர் பெயரை அடித்துவிட்டு இவன் பெயரை எழுதினேன்.