மேமோகிராமுக்கு எவ்வளவு ஆகும்? பாலிசி எடுத்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம். இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படுகிறது. டாக்டரம்மா மேமோகிராமும் சோனோவும் எழுதிக் கொடுத்தார். ஒரு ஸ்கேன் சென்டரில் 1,800 ரூபாய், ஒரு ஆஸ்பத்திரியில் 4,200 ரூபாய் என்றார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தெரிந்த ஏஜென்ட் ஒருவர், 'முதலில் பாலிசி எடுங்கள், மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் க்ளைம் கிடைக்கும்' என்கிறார். கையில் 9,000 ரூபாய் இருக்கிறது. தபால் ஆபீசில் மாதம் 1,500 ரூபாய் ஆர்டி, இரண்டு வருடமாகக் கட்டுகிறேன். நகையை அடகு வைக்க மனமில்லை.

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்து. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மூன்று மாதம் என்று அவர் சொல்வது, தீவிர நோய் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் 90 நாள் காத்திருப்பை மனதில் வைத்து இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே 'ஏதாவது கட்டி, வீக்கம் இருக்கிறதா, டாக்டரைப் பார்த்தீர்களா' என்று கேட்பார்கள். இல்லை என்று எழுதினால் அது பொய். நாளை ஆஸ்பத்திரியில் சேரும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனை நாளாக இருக்கிறது?' என்பதுதான். நீங்கள் சொல்லும் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். க்ளைம் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் தேடிப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். பாலிசி தேதிக்கு முன்பே கட்டி இருந்தது தெரிந்தால் க்ளைமும் போகும், கட்டிய பிரீமியமும் போகும். உண்மையைச் சொல்லி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்க அவர்களுக்கு விதி இடம் தருகிறது. கட்டி அவ்வளவு நாள் காத்திருக்குமா? பெரும்பாலான மார்பகக் கட்டிகள் புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டிகள்தான். ஒருவேளை அப்படி இல்லையென்றால், சீக்கிரம் கண்டுபிடித்தால் உடம்புக்கும் நல்லது, செலவும் குறைவு.

இன்னொன்று. பொதுவான மருத்துவ பாலிசியில் வெறும் பரிசோதனைக்காக ஆகும் செலவைத் தர மாட்டார்கள். அந்தப் பரிசோதனையைத் தொடர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்தால், சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவோடு சேர்த்துக் கேட்கலாம். அதனால் பாலிசி இருப்பவர்களும் ஒவ்வொரு பில்லையும், டாக்டர் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சரி, 1,800-க்கும் 4,200-க்கும் என்ன வித்தியாசம்? இரண்டு இடத்திலும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். மேமோகிராம் என்பது மார்பகத்தைக் குறைந்த கதிர் அளவில் எடுக்கும் எக்ஸ்ரே. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு படம். சோனோ என்பது அல்ட்ராசவுண்ட், தனிப் பரிசோதனை. 1,800 என்பது மேமோகிராமுக்கு மட்டும் இருக்கலாம். 4,200-இல் சோனோவும் டாக்டர் ஃபீஸும் அடங்கியிருக்கலாம். 3டி மேமோகிராம் என்றால் அதற்கும் விலை கூடும். போன் செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: "இரண்டு பக்கமும் சேர்த்தா? சோனோ உள்ளேயா, தனியா? ஃபிலிமுக்கும் ரிப்போர்ட்டுக்கும் தனிக் காசு உண்டா? கூடுதல் படம் எடுக்கச் சொன்னால் எவ்வளவு?" கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ரிப்போர்ட்டில், முடிவைச் சொல்லும் எண்ணாக 'பை-ராட்ஸ் 0' என்று வந்தால் படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று பொருள். அங்கேதான் இரண்டாவது பில் வரும்.

பவுடர், டியோடரன்ட் எதுவும் போடாமல் போங்கள். அவை படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து மார்பில் படியும் சுண்ணாம்புத் துகள் போலக் காட்டும்; மறுபடி எடுக்க வேண்டி வரலாம். முன்பு எடுத்த ஃபிலிம் ஏதாவது இருந்தால் கையோடு கொண்டு போங்கள். ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கி வருபவர்கள் இரண்டு பரிசோதனையும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. கணவர் சம்பளம் 18,000. சம்பளம் 21,000-க்குள் என்றால் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடித்திருந்தால், மனைவி என்ற முறையில் உங்களுக்கும் அந்த மருத்துவ வசதி உண்டு. அவருடைய ஈஎஸ்ஐ எண்ணில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மில் ஆபீசில் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு டாக்டர் சீட்டோடு உங்கள் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். முதலில் வெளியே காசு கொடுத்து எடுத்துவிட்டு, அப்புறம் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சம்பளத்தில் பிடித்தம் இல்லையென்றால் ஜி.ஹெச். கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டு அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கூட்டம் இருக்கும், நேரம் ஆகும். பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது, தேவைப்பட்டால் மிச்சமாகும் பணத்துக்கு அந்தக் காத்திருப்பு தகும். ஏனென்றால் தனியாரில் பயாப்சிக்கு ஊசி ஒரு கணக்கு, எடுப்பவர் கட்டணம் ஒரு கணக்கு, லேப் ரிப்போர்ட் ஒரு கணக்கு என்று பில் போடுவது உண்டு. புற்றுநோய் என்று வந்தால் எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்க ஐஹெச்சி என்று இன்னொரு பரிசோதனையும் சேரும். 'பயாப்சிக்கு மொத்தமாக எவ்வளவு' என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருட வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் வீட்டு வருமானம் அதைத் தாண்டுகிறது.

பணம்? கையில் இருக்கும் 9,000 ரூபாயிலேயே, 4,200 ரூபாய் சொன்ன இடத்தில் எடுத்தாலும், முதல் பரிசோதனைகள் முடிந்துவிடும். நகையைத் தொட வேண்டாம். அடுத்த கட்டத்துக்குத் தேவைப்பட்டால் தபால் ஆபீஸ் ஆர்டி இருக்கிறது. மூன்று வருடம் ஆகாததால் இடையில் முடிக்க முடியாது. ஆனால் 12 தவணை கட்டிவிட்டதால், கட்டிய 36,000 ரூபாயில் பாதி, 18,000 வரை கடன் வாங்கலாம். வட்டி, ஆர்டி வட்டியை விட 2 சதவீதம்தான் கூடுதல்.

சம்பளச் சீட்டை இன்று ராத்திரியே பாருங்கள். ஈஎஸ்ஐ வேலை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால், காத்திருக்காமல் கைக்காசிலேயே எடுத்துவிடுங்கள்.