பொடி வியாபாரமும் வலைத்தளமும்

அண்ணா, வணக்கம்.

தென்காசிப் பக்கம் இருக்கிறேன். பையன் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். ஒன்றரை வருடமாக வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறேன். 200 கிராம் 110 ரூபாய். சரக்குக்கு 60 போக 50 ரூபாய் நிற்கிறது. சொந்தக்காரர்கள், பெங்களூரில் இருக்கும் அக்காவின் அபார்ட்மெண்ட் குரூப் என்று நாற்பது ஐம்பது பேர் வாங்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் 600 பேர் தொடர்கிறார்கள், ஆனால் அங்கிருந்து ஆர்டர் வருவதில்லை. வலைத்தளம் செய்துதர ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார். கையில் இருப்பது 60,000. செய்யலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

இப்போது வேண்டாம். அந்த 45,000 ரூபாயைத் தொடாதீர்கள்.

நாற்பது ஐம்பது பேர் வாங்குகிறார்கள், சரி. அதில் எத்தனை பேர் மூன்றாவது முறையும் கேட்டு வாங்கினார்கள்? முதல் பாக்கெட்டை அக்காவின் முகதாட்சண்யத்துக்காக வாங்குவார்கள். மூன்றாவது பாக்கெட்டைப் பொடி பிடித்திருந்தால்தான் வாங்குவார்கள். போனில் இருக்கும் பழைய யுபிஐ வரவுகளைப் பார்த்து, யார், எந்தத் தேதியில், எந்தப் பொடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு பொடிதான் திரும்பத் திரும்பப் போகிறது என்று தெரிந்தால், மற்ற இரண்டையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். தனி ஆளாகச் செய்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

அடுத்து அந்த 50 ரூபாய். கேஸ், கவர், லேபிள், பார்சல் டப்பா, டேப், தபால் நிலையம் போய்வரும் ஆட்டோ எல்லாம் அந்த 60-க்குள் வந்துவிட்டனவா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாளில் 5 கிலோ அரைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 பாக்கெட், 1,250 ரூபாய். மேலே சொன்னதையெல்லாம் கழித்துவிட்டு, வறுக்க, ஆறவைக்க, அரைக்க, சலிக்க, எடை போட, ஒட்ட என்று உங்களுக்கு ஆன மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து ஊர்ச் சமையல் வேலைக்குக் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாக வந்தால் விலையை ஏற்றத்தான் வேண்டும். வீட்டுப் பெண்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதாமலே வியாபாரம் செய்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம் பார்சல். அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். பெரும்பாலான கூரியர்களில் குறைந்தபட்சக் கட்டணமே அரை கிலோவுக்கு. 200 கிராம் அனுப்பினாலும் அதேதான். அதோடு டப்பாவின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணும் உண்மையான எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 30, 20, 15 என்ற டப்பாவில் இரண்டு பாக்கெட் வைத்தால் உள்ளே அரை கிலோகூட இருக்காது, ஆனால் கணக்கில் 1.8 கிலோ. அதே இரண்டு பாக்கெட்டை 20, 15, 8 டப்பாவில் அடக்கினால் 0.48. அரை கிலோ கட்டணத்திலேயே போய்விடும். அதனால் ஒற்றைப் பாக்கெட் விற்காதீர்கள். இரண்டு சேர்ந்த செட்டாக மட்டும் கொடுங்கள், அனுப்பும் செலவைச் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

பொருளை வாங்கும்போது பணம் தரும் முறை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சேலை திரும்பி வந்தால் இன்னொருவருக்கு விற்கலாம். பத்து நாள் வேனிலும் குடோனிலும் கிடந்து திரும்பிய பொடியை யாருக்குக் கொடுப்பீர்கள்?

சட்ட விஷயம். வீட்டில் செய்தாலும் உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எப்போது வரை பயன்படுத்தலாம், சேர்மானங்கள், உங்கள் முகவரி, சைவம் என்று காட்டும் பச்சைக் குறி எல்லாம் வேண்டும். நிலக்கடலை சேர்த்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர் விஷயம்.

பெங்களூர் விற்பனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் வரை பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத்தான். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். வரி ஆலோசகர் ஒருவரை ஒரு முறை பார்த்துவிட்டு, பெங்களூரைத் தொடர்வதா, இல்லை முதலில் மதுரை, கோவை, சென்னை என்று வளர்வதா என்று முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். நம் ஊரிலேயே வாங்க ஆள் நிறைய.

இன்ஸ்டாகிராமை விட வேண்டாம், நம்பியும் இருக்க வேண்டாம். அந்தக் கணக்கு நாளைக்கே முடங்கினாலும் உங்களிடம் மிஞ்சப்போவது வாங்கியவர்களின் போன் எண்கள்தான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொடிகளைப் படத்தோடும் விலையோடும் அதில் அடுக்கி வைக்கலாம், இப்போதைக்கு உங்கள் கடை அது போதும். அதில் சாதாரண பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில், அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு வையுங்கள்: எண்ணைச் சேமிக்கச் சொல்லி, அடுத்த முறை எந்தக் கிழமை வறுக்கப்போகிறீர்கள் என்றும் எழுதி. அந்தக் கிழமைக்கு முன் ஆர்டர் வாங்கி, வந்த அளவுக்கு மட்டும் வறுத்தால் பொடியும் புதிதாகப் போகும், சரக்கும் தேங்காது.

60,000-இல் முத்திரையிட்ட எலக்ட்ரானிக் தராசு, நல்ல சீலிங் மெஷின், லேபிள் அச்சு, பதிவு, ஆலோசகர் கட்டணம், இவ்வளவுக்குத்தான் இப்போது செலவு. மீதி வங்கியிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எழுதி மாளவில்லை என்ற நிலை வரும்போது வலைத்தளத்தைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் அந்த நோட்டை எழுதிவிட்டு, மூன்றாவது முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்